பூட்டுக்காரர் வீட்டுச் சாவி

ஊரார் பூட்டையெல்லாம் அனாயாசமாகத் திறக்கும் பூட்டுக்காரர், தன் வீட்டுச் சாவியைத் தேடித் தினமும் வீட்டையே தலைகீழாக்குவார். மனைவியின் நச்சரிப்பு தாங்காமல், ஞாபகசக்திக்காக மூன்று மாதமாகக் காலையில் தியானம் செய்கிறார்.

நேற்று இருவரும் கடைக்குப் போய்த் திரும்பி வாசலில் நின்றால், அவர் சட்டைப்பையில் சாவி இல்லை. கருவிப் பெட்டியோ வீட்டுக்குள்ளே.

"சாவிய எங்க தொலைச்சீங்க? தியானம் பண்ணி என்னத்தக் கிழிச்சீங்க?"

அவர் பதறவில்லை. படியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, மூச்சைக் கவனித்தார். கிளம்பியபோது நடந்ததெல்லாம் ஒவ்வொன்றாக வந்தது: குடை, கதவு, சாவியை வெடுக்கென்று பிடுங்கிய வளையல் கை.

"உன் கைப்பையில பாரு. நான் தொலைச்சிடுவேன்னு நீதான வாங்கிக்கிட்ட."

இருந்தது.

இன்று காலை தியானம் முடிந்து அவர் கண் திறந்தால், பக்கத்து நாற்காலியில் மனைவி. ஒற்றைக் கண்ணை மட்டும் திறந்து சொன்னாள்: "சிரிக்காதீங்க."