கடைசியாகச் சாப்பிடுகிறவள்

1. முதல் நாள்

நான் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்றே ஒரு பெண் செத்துப்போனாள். பெயர் பாக்கியம். இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தாய். அது மூன்றாவது பிரசவம்.

அறுபதுகளின் கடைசி. இலங்கை மலையகத்தில், அப்புத்தளையிலிருந்து பெரகல பக்கம் இறங்கும் சரிவில் தோட்டத்தின் எங்கள் பிரிவு, டிவிஷன். நான் தோட்டத்தில் பிரசவம் பார்க்கும் மிட்வைஃப். அந்தச் சொல் யார் வாயிலும் நுழையாததால் நர்சம்மா ஆகிவிட்டேன். டிரங்குப் பெட்டியை அறையில் வைத்துவிட்டு முகம் கழுவிக்கொண்டிருந்தபோதே ஆள் வந்துவிட்டது. தொழிலாளர்களின் வரிசை வீடுகள் இருந்த லயத்துக்கு ஓடினேன். குழந்தை பிறந்திருந்தது, அழவில்லை. நஞ்சுக்கொடியும் வந்திருந்தது. இரத்தம் மட்டும் நிற்கவில்லை. ஊசி போட்டேன். வயிற்றைப் பிசைந்தேன். துணி மேல் துணியாக வைத்தேன். கொழுந்து ஏற்றும் லொறியைப் பிடித்து, சாக்குப் படங்கை விரித்து அவளைக் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். லொறி மேட்டில் முக்கிக்கொண்டு ஏறியது. அப்புத்தளைக் கடைகள் கண்ணில் படுவதற்குள் என் கைக்குள்ளேயே பல்ஸ் அடங்கியது. குழந்தையும் மறுநாள் போய்விட்டது.

தோட்டத்து மருந்துக் காம்பராவில் வைத்தியம் பார்த்த டிஸ்பென்சர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். நான் அழுதுகொண்டு போய் நின்றபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்:

"ரத்தம் போய்ச் சாகேல்லைப் பிள்ளை. போறதுக்கே அவளிட்ட ரத்தம் இருக்கேல்லை. இஞ்ச முக்கால்வாசிப் பொம்பிளையள் இப்பிடித்தான். இமையை இழுத்துப் பார், தெரியும்."

மறுநாளிலிருந்து நான் பார்த்த ஒவ்வொரு பெண்ணின் கீழ் இமையையும் இழுத்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். ஒவ்வொன்றும் வெளுத்த துணி. கொழுந்துக்கூடையைச் சுமந்து மலை ஏறி இறங்கிய அத்தனை பெண்களும் அந்த இரத்தத்தை வைத்துக்கொண்டுதான் நடமாடினார்கள் என்பதை நினைத்து எனக்குப் பயமே வந்தது.

2. மூக்காயியின் கணக்கு

பாக்கியத்தின் கணவன் மாணிக்கம் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற ஆள். கைப்பிள்ளைகளை யார் பார்ப்பது என்று பேசி, வருஷம் திரும்புவதற்குள் பாக்கியத்தின் தங்கை ராஜம்மாவையே அவனுக்குக் கட்டிவைத்தார்கள். சீக்கிரமே அவளும் முழுகாமல் இருந்தாள். இமையை இழுத்தேன். அக்காளின் இமையேதான்.

இந்தப் பெண்ணைச் சாகவிடக்கூடாது என்று எனக்குள் ஒரு வெறி வந்தது. டிஸ்பென்சர் ஐயா தன் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னபடி முட்டை, பால், ஈரல் என்று அந்த வீட்டு வாசல் இஸ்தோப்பில் நின்று பிரசங்கம் செய்தேன். மாணிக்கத்தின் தாய் மூக்காயி விறகைப் பிளந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும் கேட்டாள்:

"தொர பங்களாவுக்குச் சொல்ல வேண்டியத இங்க வந்து சொல்றீங்களே நர்சம்மா, வழி தவறிட்டீங்களா?"

எனக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் கிழவி கேட்டதில் தப்பில்லை. அந்தப் புத்தகத்தை எழுதியவர் லயத்து அடுப்பைப் பார்த்திருக்கமாட்டார்.

அதைவிடப் பெரிய இடி, நான் கொடுத்த இரும்புச் சத்து மாத்திரையெல்லாம் லயத்துக் கானில், வாய்க்கால் தண்ணீரோடு போய்க்கொண்டிருந்தது. போட்டவள் மூக்காயி. கேட்டதற்கு ஒளிக்காமல் சொன்னாள்.

"மாத்திரயும் சோறும் போட்டா வயித்துல புள்ள பெருத்துரும். பெருத்தா எப்புடிப் பெத்தெடுப்பா? மூத்தவ அப்புடித்தான் செத்தா. இவளையும் நான் பறிகொடுக்கணுமா? அரை வயிறு தின்னட்டும். புள்ள சின்னதா இருந்தா சுளுவா வந்துரும்."

தோட்டத்தில் எல்லாக் கிழவிகளும் நம்பிய கணக்கு இது. பிள்ளைத்தாச்சி வயிற்றைச் சுருக்கினால் பிரசவம் லேசாகும். ராஜம்மாவைக் கொடுமைப்படுத்துகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. அவளைக் காப்பாற்றத்தான் பட்டினி போட்டுக்கொண்டிருந்தாள். நானும் அவளும் ஒரே உயிருக்காகத்தான் சண்டை போட்டோம்.

3. பார்த்த பிறகு பேசியது

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாயை மூடிக்கொண்டு அந்த வீட்டு அடுப்பங்கரையில் உட்கார்ந்து பார்த்தேன். கோதுமை மா ரொட்டி, காய்ந்த மிளகாய்ச் சம்பல். முதலில் மாணிக்கம். பிறகு பிள்ளைகள். பிறகு மூக்காயி. எல்லாரும் கை கழுவிய பிறகு ராஜம்மா. அவளுக்கு மிஞ்சியது அரை ரொட்டி. அந்த அரை ரொட்டியோடு ஒரு பெரிய செம்பு சாயத்தண்ணி, பாலில்லாத தேத்தண்ணி. பசி அடங்கிப்போகும், அவ்வளவுதான்.

பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள். எங்கள் பெண்கள் மலைக்கு முந்தினார்கள், பந்திக்குப் பிந்தினார்கள்.

அன்று ஒரு முடிவுக்கு வந்தேன். இல்லாததைச் சொல்லி ஒரு பிரயோசனமும் இல்லை. இருப்பதைக் கொஞ்சம் நகர்த்தலாம். அதுவும் ஒவ்வொன்றாக. ஒன்று பழகிய பிறகுதான் அடுத்தது.

முதலில் தேத்தண்ணி. "தேத்தண்ணிய விடச் சொல்லல ஆத்தா. தின்ன கையோட குடிக்க வேணாம். தின்னுட்டு மலைக்கு ஏறட்டும், அங்க போயி கொஞ்சம் பொறுத்துக் குடிக்கட்டும். சாயம் சாப்பாட்டுச் சத்த ஒடம்புல ஒட்டவிடாது" என்றேன். செலவில்லாத காரியம் என்பதால் மூக்காயி ஒத்துக்கொண்டாள். தேயிலை வளர்க்கிறவர்களிடம் தேத்தண்ணியைப் பற்றிக் குறை சொல்லித் தப்பியதே பெரிது.

அது பழகியதும் கீரை. லயத்துக்குப் பின்னால் கான் ஓரமெல்லாம் வல்லாரை. வேலி நெடுகப் பசளி. யாரும் தொடுவதில்லை.

"ஆடு திங்கிறத மனுசருக்குக் குடுக்கவா?" என்றாள் மூக்காயி.

"ஒங்க வீட்டு ஆட்டோட இமையப் பாத்திருக்கீங்களா? செவசெவன்னு இருக்கு" என்றேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பசளியைப் பொடியாக அரிந்து, வெங்காயம் மிளகாயோடு மாவில் பிசைந்து நானே சுட்டுக் காட்டினேன். பாக்கியத்தின் இளைய பெண் முதலில் துப்பினாள். ரொட்டியை இன்னும் முறுகலாகச் சுட்டதும் தின்றாள். பிறகு குழம்புக்கு ஆகாது என்று வீசிவந்த நெத்தலிக் கருவாட்டுத் தலைகளை வறுத்து இடித்துச் சம்பலில் சேர்த்தோம். மாணிக்கம் அதை ருசி என்றான். ஆண்பிள்ளை ருசி என்று சொல்லிவிட்டால் லயத்தில் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

மாத்திரைக்கு வேறு வழி செய்தேன். போத்தலை மூக்காயி கையிலேயே கொடுத்தேன். "புள்ளைக்கில்ல ஆத்தா, இது ரத்தத்துக்கு. மூத்தவ புள்ள பெருத்துச் சாகல. நான் தூக்கிப் பாத்தேன், கோழிக்குஞ்சாட்டம் இருந்துச்சு. ரத்தம் இல்லாமத்தான் செத்தா. இவளுக்கு ஒங்க கையாலயே குடுங்க."

கிழவி போத்தலை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கோழிக்குஞ்சாட்டமா?" என்று ஒரு தடவை கேட்டாள். அதன் பிறகு ஒரு மாத்திரைகூட வீணாகவில்லை.

எல்லாவற்றையும்விடக் கடினமானது கடைசித் தட்டு. மாணிக்கத்தை மருந்துக் காம்பராவுக்குக் கூப்பிட்டு, எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள் என்றேன். அவன் தலையைச் சொறிந்தான்.

"ஆம்பள தின்ன பொறகுதானுங்களே பொம்பள திங்கிறது? நாலு பேரு பாத்தா சிரிப்பாங்க."

"பாக்கியமும் அப்புடித்தான் தின்னா" என்றேன்.

சொறிந்த கையை இறக்கினான். போய்விட்டான். அடுத்த ஞாயிறு நான் போனபோது, மாணிக்கமும் பிள்ளைகளும் ராஜம்மாவும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ராஜம்மா வெட்கத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு தின்றாள். மூக்காயி மட்டும் அடுப்பை விட்டு நகரவில்லை. "நான் அப்பவே தின்னுட்டேன்" என்றாள். ஒன்றாக உட்கார மாமியாருக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை என்று நான் எடுத்துக்கொண்டேன். நாலு பேர் உட்கார்ந்ததே எனக்கு வெற்றியாக இருந்தது.

ராஜம்மாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. இரத்தம் போனது, நின்றது. நின்றுவிட்டது என்று தெரிந்த பிறகுதான் கை கழுவினேன். மூக்காயி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "இவள மீட்டுக் குடுத்துட்டீங்க" என்றாள். அதற்குப் பிறகு பசளி ரொட்டிக்கு லயத்தில் நர்சம்மா ரொட்டி என்று பெயர். பக்கத்து வீடுகளிலும் கேலி பண்ணிக்கொண்டே சுட்டார்கள்.

4. மா இல்லாத காலம்

எழுபதுகளின் நடுவில் பஞ்சம் வந்தது. அந்தக் காலத்தில் மலையகத்தில் இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ரேஷன் கூப்பனுக்கு அரிசி குறைந்தது, மா குறைந்தது, பிறகு பல நாள் கடையில் எதுவுமே இல்லை. தோட்டத்திலும் வேலை நாளைக் குறைத்தார்கள். மரவள்ளிக் கிழங்கு கிடைத்தவர்கள் பாக்கியசாலிகள். கான் ஓரத்து வல்லாரையை இப்போது யாரும் ஆட்டுத் தீனி என்று சொல்லவில்லை. விடிவதற்குள் போனால்தான் கிடைத்தது. தாய்மார் மலைக்குப் போகையில் குழந்தைகளை விடும் பிள்ளைக் காம்பராவில் தொட்டில்கள் ஒவ்வொன்றாகக் காலியாகின. அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ராஜம்மா மறுபடி முழுகாமல் இருந்தாள். இவளை இந்தத் தடவை இழந்துவிடுவோம் என்றே நினைத்தேன். வாரந்தோறும் போனேன். ஆச்சரியம், டிவிஷன் முழுவதும் இமைகள் வெளுத்துக்கிடக்க, ராஜம்மாவின் இமையில் மட்டும் சிவப்பு இருந்தது. எப்போது போனாலும் அவள் தட்டில் ஏதாவது இருந்தது. துண்டு மரவள்ளி, ஒரு கை கீரை, எங்கிருந்தோ வந்த நாலு நெத்தலி. நான் பழக்கிய பழக்கங்கள் பஞ்சத்திலும் நிற்கின்றன என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"நீங்க தின்னீங்களா ஆத்தா?" என்று மூக்காயியைக் கேட்பேன்.

"நான் அப்பவே தின்னுட்டேன் நர்சம்மா." அடுப்பில் மூடியிருக்கும் சட்டியைக் காட்டுவாள். "இன்னும் இருக்கு பாருங்க."

நான் பார்க்கவில்லை. என் வேலை பிள்ளைத்தாச்சியும் பால்குடிப் பிள்ளையும்தான். மாமியார்களின் இமையை இழுத்துப் பார்க்க எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ராஜம்மாவின் பிரசவம் நல்லபடியாக முடிந்தது. பெண் குழந்தை. பேத்தியைக் கழுவித் துடைத்து மூக்காயிதான் வாங்கிக்கொண்டாள். அப்போது அவள் புறங்கை வீங்கியிருந்ததைப் பார்த்தேன். அடுப்பு வேலை, விறகு வேலை என்று நினைத்துக்கொண்டேன். குழந்தைக்குப் பேர் வைப்பதற்கு முன்னால், விறகுக்குப் போன இடத்தில் கிழவி விழுந்துவிட்டாள் என்று தூக்கி வந்தார்கள். டிஸ்பென்சர் ஐயா அவள் காலில் விரலை அழுத்தினார். பள்ளம் விழுந்தது, எழும்பவில்லை. முகமெல்லாம் நீர். அவர் என்னைப் பார்த்து, "இது பசி, பிள்ளை" என்றார்.

ராஜம்மா வாயில் அடித்துக்கொண்டு அழுதாள். "அத்த எங்களோட உக்காரவே மாட்டாங்க. பொறகு திங்கிறேன்னு சட்டிய மூடி வச்சிக்குவாங்க. இன்னக்கித்தான் தொறந்து பாத்தேன் நர்சம்மா. கீர அவிச்ச தண்ணிதான் இருந்துச்சு. வெறும் தண்ணி."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. மூக்காயி பக்கத்தில் உட்கார்ந்து, "ஏன் ஆத்தா இப்புடிச் செஞ்சீங்க? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?" என்று கத்தினேன்.

அவள் கண்ணைத் திறந்தாள். குரலில் ஒரு மனக்குறையும் இல்லை. பிள்ளைக்குப் பாடம் சொல்லுவதுபோலப் பொறுமையாகச் சொன்னாள்:

"நீங்கதான நர்சம்மா சொன்னீங்க, முழுகாம இருக்குறவ கடசியில திங்கக்கூடாதுன்னு. யாராச்சும் ஒருத்தி கடசியில தின்னுதான ஆகணும்?"

இரண்டு நாள் கழித்துப் போய்ச் சேர்ந்தாள். கஞ்சி கொடுத்தோம், அந்த வயிறு வாங்கிக்கொள்ளவில்லை. பாக்கியத்தைப் புதைத்த மேட்டிலேயே அவளையும் புதைத்தார்கள்.

5. இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு

பிறகு பல வருஷம் அதே தொழில் பார்த்து ஓய்வு பெற்றேன். தேத்தண்ணியைத் தள்ளிக் குடிப்பது, மாவில் கீரை பிசைவது, கருவாட்டுத் தலையை வீசாமல் இடிப்பது, எல்லாம் சரியான காரியங்கள். இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். ஒரு வீட்டுச் சாப்பாட்டை மிரட்டி மாற்ற முடியாது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மாற்ற முடியும். ராஜம்மா இன்றும் இருக்கிறாள். அவள் பெற்ற இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

ஆனால் கடைசித் தட்டை ஒருத்தியிடமிருந்து எடுத்தால், அது எங்கேயும் காணாமல் போய்விடுவதில்லை. இன்னொருத்தி மடிக்குப் போகிறது. சாப்பாடு எல்லாருக்கும் போதாத வீட்டில் அது ஓசையில்லாமல் போகும். மூக்காயிக்கு முன்னால் நான் எந்த வீட்டுக்குப் போனாலும் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பேன். அவளுக்குப் பிறகு, யார் கடைசியில் சாப்பிட்டது என்று கேட்டேன்.

"நான் அப்பவே தின்னுட்டேன்" என்று ஒருத்தி சொல்வாள். சட்டியைத் திறந்து பாருங்கள்.