இடுப்பில் செருகிய இடது கை

என் வீட்டுக்காரர் எந்த வேலையைத் தொட்டாலும் அவருடைய இடது கை பின்னால் போய், கட்டியிருக்கும் சாரத்தின் இடுப்புக்குள் செருகிக்கொள்ளும். ரேடியோவைத் திறக்கும்போது மட்டும் என்றில்லை. செடிக்குத் தண்ணீர் ஊற்றினாலும், காலண்டர் தாளைக் கிழித்தாலும், மீன்காரியிடம் விலை கேட்டாலும் அந்தக் கை அங்கே போய்விடும். பதினான்கு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

என்னைப் பெண் பார்க்க வந்த அன்றும் அந்தக் கை வெளியே வரவில்லை. என் அத்தை ஞானசௌந்தரிக்குச் சந்தேகம். அடுப்படிக்குள் வந்து என் காதில் சொன்னாள்.

"மாப்பிள்ளைக்கு இடது கை விளங்காது போலிருக்கு. தம்ளரோட சாசரையும் சேர்த்துக் குடு. எப்படி வாங்குதாருன்னு பாப்போம்."

கொடுத்தேன். அவர் சாசரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தம்ளரை மட்டும் வலது கையால் எடுத்துக்கொண்டார். சாசரை நானே திரும்பக் கொண்டுபோனேன். கோயிலில் மூன்று ஞாயிறும் கல்யாண ஓலை வாசித்து முடிந்து, அவர் இரண்டு கையையும் நீட்டி எனக்கு மோதிரம் போட்ட பிறகுதான் அத்தைக்கு மூச்சு வந்தது.

கல்யாணமான மூன்றாம் நாள் அவரே காரணத்தைச் சொன்னார். வால்வு ரேடியோ செட்டுக்குள் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் ஓடுமாம். இரண்டு கையும் உள்ளே இருந்தால் ஒரு கையில் ஏறுகிற கரண்டு நெஞ்சு வழியாக மறு கையில் இறங்குமாம். ஒரு கையை ஒளித்து வைத்தால் விரல் சுடுவதோடு போய்விடுமாம். கல்யாணமாகி மூன்று நாளில் வேறு ஏதாவது சொல்வார் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். ஆனாலும் கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

அவர் பெயர் பர்னபாஸ் மிராந்தா. தூத்துக்குடியில் கிரேட் காட்டன் ரோட்டில் சின்ன ரேடியோ ரிப்பேர் கடை. உப்புக் காற்றில் எந்த ரேடியோவும் ரொம்ப நாள் தாங்காது. தோணிக்காரர்கள் கொண்டுவருகிற செட்டுகளைத் திறந்தால் உள்ளே பச்சைப் பாசி பிடித்ததுபோல் இருக்கும். அந்தப் பாசியில்தான் எங்கள் அடுப்பு எரிகிறது.

கடையைப் பூட்டி வந்த பிறகு அவருக்கு வேறொரு வேலை உண்டு. வீட்டிலேயே சொந்தமாக வயர்லெஸ் செட் வைத்து, இதேபோல் செட் வைத்திருக்கும் வெளிநாட்டுக்காரர்களோடு பேசுவதற்கு அரசாங்கம் லைசென்ஸ் கொடுக்கிறது. ஹாம் ரேடியோ என்பார்கள். அவர் வாயால் பேசுவது குறைவு. பித்தளைக் கட்டை ஒன்றைத் தட்டித் தட்டி, புள்ளியும் கோடுமாகத்தான் பேசுவார். மொட்டைமாடியில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ஒரு கம்பி கட்டியிருக்கிறார். நான் துணி காயப்போட உரிமையில்லாத கொடி அது ஒன்றுதான்.

பேசியதற்குச் சாட்சியாக அந்த ஆட்கள் தபாலில் அட்டை அனுப்புவார்கள். ஜப்பானிலிருந்து வரும், ருஷியாவிலிருந்து வரும். எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கிறது. படங்கள் வேறு வேறு. செய்தி மட்டும் ஒன்றுதான்: உங்கள் சிக்னல் பலவீனமாக இருந்தது. உலகத்தில் பாதிப் பேர் என் வீட்டுக்காரரிடம் சொன்னது இதைத்தான்.

சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் வடிவம்மாள் அக்காவின் அபிப்பிராயம் வேறு. அவளுக்கு இலங்கை வானொலி இல்லாமல் சோறு இறங்காது. இங்கே கட்டையைத் தட்டினால் அங்கே பாட்டு விட்டு விட்டு வரும்.

"ஏளா ஹில்டாம்மா, உங்க வீட்டுக்காரரு தட்ட ஆரம்பிச்சாருன்னா எங்க ரேடியோவுல பாடுதவனுக்கு விக்கல் வந்துருது" என்பாள். மகள் ஹில்டா பிறந்ததிலிருந்து அக்கா என்னை என் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

கடைக்கே ஒருநாள் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். "ஏன் அண்ணாச்சி, வீட்டுலேருந்து நீங்களே கெடுத்துட்டு, கடையில வச்சு நீங்களே ரிப்பேர் பாக்குதியளோ?" என்று நாலு பேர் முன்னால் கேட்டாள். அவர் இடது கையைப் பின்னால் செருகிக்கொண்டு, அவள் ரேடியோவைத் துடைத்துக் கொடுத்து அனுப்பினார்.

இப்படி இருக்கையில் எழுபத்தெட்டில் புது விதிகள் வந்தன. எல்லாவற்றுக்கும் மேலே அட்வான்ஸ்டு கிரேடு என்று ஒரு லைசென்ஸ். அதை வாங்கினால் நானூறு வாட் வரை செட் வைத்துக்கொள்ளலாம். இனி ஒருவனும் பலவீனம் என்று அட்டை போட முடியாது என்று அவர் கணக்குப் போட்டார். கட்டை தட்டும் பரீட்சையில் முன்பே தேறியிருந்தார். பாக்கி இருந்தது எழுத்துப் பரீட்சை. அதுதான் சிக்கல். செட்டில் எது செத்துக் கிடக்கிறது என்று மோந்து பார்த்தே சொல்லிவிடுவார். அதையே இங்கிலீஷில் ஒரு பக்கம் எழுதச் சொன்னால் நான்கு வரியில் முடித்துவிட்டு, கீழே ஒரு படம் போடுவார்.

முதல் தடவை மெட்ராஸ் போய் எழுதினார். தோற்றார். அந்த வருஷம் பனிமய மாதா திருவிழாவில், சப்பரம் போன பிறகு, என்னிடம் சொன்னார்:

"ஏளா, இன்னொரு தடவை எழுதுவேன். அதுலயும் போச்சுன்னா செட்டை வித்துருவேன். கம்பியையும் அவுத்துருவேன். நீ துணி காயப்போட்டுக்கிடு."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் முன்பு ஒருமுறை செட்டின் டிரான்ஸ்பார்மர் எரிந்து ஒரு மாதம் சும்மா கிடந்தது. அந்த மாதம் அவர் சாயங்காலமானால் அடுப்படிக்கு வந்து உட்கார்ந்து, குழம்பை ஏன் இந்தப் பக்கமாகக் கிண்டுகிறாய் என்று கேட்டுக்கொண்டிருந்தார். செட் போனால் இந்த மனிதர் என்ன ஆவார் என்பது எனக்குத் தெரியும். நான் என்ன ஆவேன் என்பதும் தெரியும்.

ஆகவே நானும் படிப்பில் இறங்கினேன். நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். புத்தகத்தில் இருப்பது எனக்கு விளங்காது. ஆனால் எழுத்துக்கூட்டி வாசிப்பேன். அவர் பதிலைச் சொல்லச் சொல்ல, விரலை வரியில் வைத்துக்கொண்டு போவேன். ஒரு வார்த்தை விட்டுப்போனால், "இந்த இடத்துல ஏதோ நீளமா ஒண்ணு கெடக்கு" என்பேன்.

"நீளமான்னா?"

"முக்கா விரல் இருக்கும்."

அவருக்குப் புரிந்துவிடும்.

புள்ளியும் கோடும் எனக்கு அதற்கு முன்பே தெரியும். அந்தப் பட்டியலை அவர் அடுப்படித் தடுப்பில்தான் ஒட்டியிருந்தார். சோறு கொதிக்கிற நேரத்துக்குள் தினம் ஓர் எழுத்து என்று படித்துவிட்டேன். அதில் எனக்கு ஒரு பிரயோஜனம் இருந்தது. சாமான் சீட்டைத் தமிழில் எழுதிக் கொடுத்தால் வழியில் தொலைத்துவிட்டு வருவார். தமிழ் வார்த்தையை இங்கிலீஷ் எழுத்தாக்கி, அதைப் புள்ளியும் கோடுமாக எழுதிக் கொடுத்தால் ஒரு சாமான் விடாமல் வாங்கிவருவார். சீட்டையும் பத்திரமாகத் திருப்பித் தருவார். அதிலிருந்து எங்கள் வீட்டுச் சீட்டெல்லாம் அப்படித்தான்.

எழுபத்தொன்பது ஜனவரியில் இரண்டாவது பரீட்சை. முந்தின நாள் வடிவம்மாள் அக்கா சுவருக்கு மேலே தலையை நீட்டினாள்.

"பாஸாயிட்டா எத்தனை வாட்டுன்னு சொன்னே?"

"நானூறாம் அக்கா."

"அப்ப விக்கல் இல்ல, கக்குவான் இருமலே வந்துரும். கோவிச்சுக்கிடாதளா, அண்ணாச்சி பாஸாகக் கூடாதுன்னு பிள்ளையாருக்கு ரெண்டு தேங்கா நேந்திருக்கேன்."

"நான் மாதாவுக்கு மெழுகுதிரி நேந்திருக்கேன் அக்கா."

"சரி விடு. அவுக ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வரட்டும்."

கோயிலுக்குத் தவிர பேன்ட் போடாத மனிதருக்குப் பேன்ட் தேய்த்து வைத்தேன். அப்போது எனக்கு ஒரு கவலை வந்தது. பேன்டில் இடுப்புக்குள் செருக வசதியில்லை. கை பாக்கெட்டுக்குள்தான் போகும். பெரிய ஆபீசர் முன்னால் பாக்கெட்டில் கைவிட்டு நின்றால் திமிர் என்றல்லவா நினைப்பார்? நேரில் சொன்னால் ரயில் மணியாச்சி தாண்டுவதற்குள் மறந்துவிடுவார். அதனால் மெட்ராஸில் வாங்கவேண்டிய சாமான்களுக்கு ஒரு சீட்டு எழுதி, கடைசி வரியில் இதையும் சேர்த்து, அவருக்குத் தெரியாமல் பேன்டின் இடது பாக்கெட்டில் வைத்தேன். கை உள்ளே போனால் காகிதம் தட்டுப்படும், படித்துவிட்டுக் கையை எடுத்துவிடுவார் என்று நினைத்தேன். புத்திசாலித்தனமான காரியம் என்றே அப்போது தோன்றியது.

பிறகு நடந்ததில் பாதி அவர் சொன்னது, பாதி நான் கேட்டுக் கேட்டுக் கறந்தது.

இரண்டு கேள்விக்கு நன்றாக எழுதிவிட்டாராம். மூன்றாவதற்கு யோசிக்கும்போது இடது கை பாக்கெட்டுக்குள் போயிருக்கிறது. ஏதோ தட்டுப்படுகிறதே என்று எடுத்து விரித்திருக்கிறார். பரீட்சை ஆபீசர் பக்கத்தில் வந்து நின்றுவிட்டார். காகிதம் முழுக்கப் புள்ளியும் கோடும்.

"என்ன இது?"

"தெரியாது சார்."

"உங்க பாக்கெட்ல இருந்து வருது. உங்களுக்கே தெரியாதா?"

"வீட்டுல வச்சிருப்பா சார்."

"பரீட்சைக்கு பிட்டு வீட்ல எழுதிக் குடுத்தாங்களா?"

ஆபீசர் பேனாவை வாங்கி வைத்துக்கொண்டார். எழுந்து போகச் சொல்லப்போகிறார், செட் போயிற்று என்று இவர் முடிவு கட்டிவிட்டார். அந்த ஆபீசர் பல வருஷம் தந்தி ஆபீசில் இருந்தவராம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்று வாசித்திருக்கிறார்.

"பச்சை ரிப்பன் ரெண்டு முழம்."

"மகளுக்கு சார்."

"திரி பத்து."

"ஸ்டவ்வுக்கு சார்."

"சாப்பிட்டு ஏறவும்."

"ரயில்ல சார்."

மற்ற ஆட்கள் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்களாம். கடைசி வரியை ஆபீசர் இரண்டு முறை மனத்துக்குள் படித்துவிட்டு, குனிந்து மேஜைக்குக் கீழே பார்த்திருக்கிறார். பயத்தில் இவருடைய இடது கை மறுபடியும் பாக்கெட்டுக்குள்ளேதான் இருந்தது.

"'இடது கை வெளியே. ஆபீசர் கோபிப்பார்'னு எழுதியிருக்கு. ஆபீசர் கோபிக்கலை. கையை வெளிய எடுங்க."

பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். காகிதத்தைத் தன் பையில் போட்டுக்கொண்டார். இரண்டு கையும் மேஜைமேல் இருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு கையும் மேஜைமேல் இருந்ததும் இவருக்கு ஒரு வரி ஓடவில்லை. கால்மணி நேரம் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, எழுந்து நின்றிருக்கிறார்.

"சார், கையைப் பின்னால வச்சுக்கிடலாமா? பாக்கெட்டுல இல்ல சார். பெல்ட்டுல."

"அங்கயும் லிஸ்ட் இருக்கா?"

ஆபீசர் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சரி என்றார். கூடவே நாற்காலியைக் கொண்டுவந்து இவருக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்துகொண்டார். அதற்குப் பிறகு இவர் எழுதினார். ஆனால் போன நேரம் போனதுதான். கடைசிக் கேள்வி பாதியில் நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்து என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. சீட்டை ஆபீசர் வைத்துக்கொண்டதால் பச்சை ரிப்பனுக்குப் பதில் சிவப்பு ரிப்பன் வந்தது. "நீ போடுத கோடு நேரா இருக்குன்னு ஆபீசர் சொன்னாரு" என்றார். எனக்குச் சோறு இறங்கவில்லை. செட் விற்கப்பட்டால் அதற்குக் காரணம் என் கோடுதான்.

நான்கு மாதம் முடிவு வரவில்லை. அதற்குள் அய்யாக்குட்டி என்று ஒருவர், பழைய மின்சாமான் வாங்கி விற்பவர், செட்டைப் பார்க்க வந்தார். என் வீட்டுக்காரரே வரச்சொல்லியிருந்தார். அய்யாக்குட்டி டிரான்ஸ்பார்மரை இரண்டு கையாலும் தூக்கி எடை பார்த்தார். இவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் காப்பியைக் கொண்டுவந்து, முதல் தடவையாக ஓர் அன்னிய ஆணிடம் வாயைத் திறந்தேன்.

"இன்னும் தபால் வரலை. வந்தபொறவு வாங்க" என்றேன். அய்யாக்குட்டி காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

ஜூனில் பழுப்பு உறை வந்தது. அதைக் கிழிக்க இரண்டு கை வேண்டும். அவர் என்னிடம் நீட்டினார். விரலை வரியில் வைத்து எழுத்துக்கூட்டி வாசித்தேன். தேறிவிட்டார்.

சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டுச் சத்தம் குறைந்தது.

"என்னளா ஆச்சு?"

"பாஸ் அக்கா."

 பிறகு இரண்டு தேங்காய் சுவர்மேல் வந்து உட்கார்ந்தன.

"பிள்ளையாருக்கு ஒடைக்க வேண்டியதில்ல. புட்டுக்குத் துருவிக்கிடு. பாட்டு நேரத்துல மட்டும் அந்தத் தட்டுத கையையும் இடுப்புல செருகச் சொல்லு."

இவர் அதற்குச் சம்மதித்தார். அவள் ரேடியோவுக்குள், தட்டுகிற சத்தத்தைத் தடுக்கச் சின்ன டப்பா ஒன்றும் செய்து மாட்டிக்கொடுத்தார். விக்கல் பாதி குறைந்திருப்பதாக அவளே ஒப்புக்கொள்கிறாள்.

இப்போது எழுபத்தொன்பது டிசம்பர். அட்வான்ஸ்டு கிரேடு லைசென்ஸ் மாதா படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டத்தில் இருக்கிறது. நானூறு வாட் செட்டின் டிரான்ஸ்பார்மருக்குச் செம்புக் கம்பி இன்னும் சுற்றவில்லை. நேற்று வந்த அட்டையிலும் சிக்னல் பலவீனம் என்றுதான் போட்டிருந்தது. பழைய செட் மேஜைமேல் இருக்கிறது. கம்பியில் துணி இல்லை. அவர் வலது கையால் தட்டிக்கொண்டிருக்கிறார், இடது கை இடுப்பில் இருக்கிறது.