அக்காவுக்கு நான் படித்த கடிதம்

நேற்று மருமகள் புதிதாக ஒரு சிவப்புச் சோப்பு வாங்கிவந்து குளியலறையில் வைத்திருந்தாள். கார்பாலிக் வாடை. உங்களுக்கு அது ஆஸ்பத்திரியை நினைவூட்டலாம். எனக்கு என் அக்கா அந்தோணியம்மாளின் கைகள் நினைவுக்கு வந்தன. வெள்ளைக்காரர்கள் இருந்த கண்டோன்மெண்டில், ஒரு துரையின் பங்களாவிலேயே தங்கியிருந்த ஆயா அவள். அந்தச் சோப்பில் கை கழுவாமல் குழந்தைகளைத் தொடக்கூடாது என்பது துரைசானியின் உத்தரவு. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வரும்போதும் அந்த வாடை கூடவே வரும்.

திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து பதினாறு வயதில் வந்தவள். அதன்பின் ஊரில் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது அவள் மணியார்டரில்தான். தம்பிகளின் சட்டை, ஏரிக்கரையோரம் அப்பா வாங்கிய நிலம் எல்லாம் அதில் வந்தவை. நானும் வேலை தேடி வந்து, ஜோகுபாளையத்தில் அவள் வாடகை கொடுத்த அறையில் இரண்டு வருஷம் தேடிக்கொண்டே இருந்தேன். மில் வாசல்வரை போவேன். கூட்டத்தைப் பார்த்ததும் திரும்பிவிடுவேன். எனக்கென்ன அவசரம்? ஊரிலிருந்து வரும் கடிதங்களை, எழுத்துத் தெரியாத அக்காவுக்குப் படித்துக் காட்டுவது ஒன்றுதான் என் உத்தியோகம்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து, கோயில் மதிலோரம் உட்கார்ந்து, அப்பா ஊர் வாத்தியாரிடம் சொல்லி எழுதிய கடிதத்தைப் பிரித்தேன். ‘இது உனக்கு மட்டும்’ என்று தொடங்கியிருந்தது. பக்கத்து ஊர் சூசை, பட்டாளத்துத் தையல்காரர், அக்காவைப் பெண் கேட்டு வந்தாராம். அவளுக்கு இஷ்டமில்லை என்று அப்பாவே சொல்லி அனுப்பிவிட்டாராம். ‘அவள் போய்விட்டால் நாம் எதைச் சாப்பிடுவது? அவளிடம் மூச்சு விடாதே.’

“இன்னாடா எழுதியிருக்காரு?”

“மழை இல்லியாம்க்கா. மாடு கன்னு போட்டிருக்காம்.”

“அவ்ளோதானா? இம்மாம் நீளமா கீதே.”

“வாத்தியாரு எழுத்து பெரிசுக்கா.”

சிரித்தாள். அன்று எனக்குப் புதுச் செருப்பு வாங்கித் தந்தாள். நானும் போட்டுக்கொண்டேன்.

மூன்று வருஷம் கழித்து, இப்போது சிவாஜிநகர் என்கிறார்களே, அந்த மார்க்கெட்டில் சூசையைப் பார்த்திருக்கிறாள். கூடவே அவர் மனைவி, கைக்குழந்தை. அன்று மாலையே என் அறைக்கு வந்தாள். அதற்குள் எனக்கு மில்லில் வேலை கிடைத்திருந்தது.

“‘என்னை ஏன் வேணாம்னு சொன்னே?’ன்னு சூசை கேக்கறாரு. எனக்கு ஒண்ணும் புரியல. உனக்கு எதுனா தெரியுமா?”

“தெரியாதுக்கா.”

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். “சரி, சாப்ட்டியா?” என்றாள்.

அடுத்த கடிதம் என்னிடம் வரவில்லை. பங்களா பட்லரைப் படிக்கச் சொன்னாளாம். மணியார்டரை மட்டும் நிறுத்தவில்லை. துரை குடும்பம் சீமைக்குக் கப்பலேறியபோது அவளும் போய்விட்டாள். அதையும் பட்லர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பிறகு ஒரு தகவலும் இல்லை. ‘இரண்டு மாதமாகப் பணம் வரவில்லையே’ என்று அப்பா எழுதினார். அவள் எங்கே என்று கேட்கவில்லை.

நிலத்தைத் தம்பிகள் விற்றுவிட்டு ஆளுக்கொரு ஊராகப் போனார்கள். பங்களாவையும் இடித்துவிட்டார்கள். போன வருஷம் அந்த வழியாகப் போனபோது, பின்புறம் வேலைக்காரர் வீடுகள் இருந்த இடத்தில் மோட்டார்கள் நின்றன. அங்கே அக்காவின் அறை எந்தப் பக்கம் இருந்தது என்று எனக்குத் தெரியாது. அத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட நான் அங்கே போய்ப் பார்த்ததில்லை.