மெஜந்தா என்று சொன்ன ரத்தம்

என் அக்கா முத்துமாரியம்மாளின் வீட்டுக்காரர் மணிமுத்துவுக்கு ஐம்பத்திரண்டு வயது. சிவகாசியில் காலண்டர் அடிக்கும் ஒரு பிரஸ்ஸில் மெஷின்மேன். ஒரு நேரத்தில் ஒரு நிறம் மட்டுமே ஓடுகிற பழைய மெஷின் அவருடையது. மஞ்சள் ஓடினால் தும்மலில் மஞ்சள் வரும்; நீலம் ஓடினால் நகக்கண்ணில் நீலம் நிற்கும். ஆகவே 2006 ஆடியில், ஆர்டர்கள் வரத் தொடங்கிய வாரம், கக்கூசில் சிவப்பாகப் போனதைப் பார்த்து அவர் கொஞ்சமும் அசரவில்லை. மெஷினில் மெஜந்தா என்கிற சிவப்பு மை ஓடுகிறது, உள்ளே போனது வெளியே வருகிறது. இதற்கு மேல் என்ன விஞ்ஞானம் வேண்டும்?

பிரஸ்ஸில் மருத்துவர்களுக்குப் பஞ்சமில்லை. கட்டிங் மெஷினில் இருக்கும் நல்லசிவம், டீ குடித்துக்கொண்டே நோயைக் கண்டுபிடித்தார். "மூலச்சூடுலே. கருணைக்கிழங்கத் தின்னு, மோரக் குடி." மையோ மூலமோ, இரண்டுக்குமே டாக்டர் வேண்டாம் என்பதால் மணிமுத்து இரண்டையும் நம்பினார். அபுதாபியில் இருந்த நானும் சும்மா இருக்கவில்லை. போனில் அவர் ரகசியமாகச் சொன்னதும் பதறிப்போய், ஊருக்குக் கிளம்பிய ஒருவரிடம் இரண்டு கிலோ பேரீச்சம்பழம் கொடுத்தனுப்பினேன். அதோடு என் கடமை முடிந்தது.

அக்காவிடம் மட்டும் யாரும் மூச்சு விடவில்லை.

ஐப்பசியில் பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. சீசன் அலைச்சல் என்றார். ஒரு நாளைக்கு நாலு தடவை போய்விட்டு வந்தும், போன மாதிரியே இல்லை. கடைச் சால்னா என்றார். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. வயசு என்றார். எல்லாவற்றுக்கும் அவரிடம் காரணம் இருந்தது.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா அவர் கைலியைத் துவைத்தாள்.

"என்ன இது, ரத்தமா?"

"மை. மெஜந்தா."

"மைன்னா மண்ணெண்ணெய் போடாமப் போகுமா? இருபத்தஞ்சு வருசமா ஒங்க துணியத் துவைக்கேன். இது பச்சத் தண்ணியிலயே போயிருச்சு."

"இப்ப வாரது புது மை."

"இந்த வாரம் என்ன கலரு ஓடுது?"

அந்த வாரம் ஓடியது கருப்பு.

"எம்புட்டு நாளா இருக்கு?"

"ஆடியில இருந்து. சீசன் முடியட்டும், பாப்போம்."

"காலண்டர ஒங்க மொதலாளி எப்படியும் அடிச்சிருவாரு. அதுல தேதி கிழிக்க நீங்க இருக்கணும்ல. கெளம்புங்க."

அக்கா கூட்டிப் போனது உள்ளூரில் ஒரு பெண் டாக்டரிடம். "வயித்துல லேசா சூடு" என்று மணிமுத்து ஆரம்பித்தார். அக்கா குறுக்கே புகுந்து உள்ளதைச் சொன்னாள். எத்தனை நாளாக, மலத்தோடு கலந்து வருகிறதா, தார் மாதிரி கருப்பாகப் போனதுண்டா, வீட்டில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்ததா என்று டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டார். மணிமுத்து சுவரில் தொங்கிய காலண்டரின் அச்சுத்தரத்தை ஆராய்ந்துகொண்டே பதில் சொன்னார். பிறகு டாக்டர் கையுறை மாட்டி, விரல் விட்டுப் பார்த்தார். இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்துக்குப் பயந்துதான் மனிதர் நாலு மாதம் கிழங்கு தின்றிருக்கிறார்.

"நெறைய பேருக்கு இது மூலமாத்தான் இருக்கும். ஆனா பாக்காமச் சொல்ல முடியாது. ஒங்களுக்கு வயசு அம்பது தாண்டிருச்சு, எடை குறையுது, வெளிக்குப் போற வழக்கமே மாறிருக்கு. கைக்கும் ஏதோ தட்டுப்படுது. மதுரையில கொடலுக்குள்ள கேமரா விட்டுப் பாத்துருங்க. அதுக்குள்ள ரத்தம் நிக்காமப் போனாலோ, தலை சுத்தினாலோ, அந்த நிமிசமே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்."

மதுரையில் பார்த்தார்கள். மலக்குடலில் கட்டி. சதை எடுத்துச் சோதித்ததில் புற்றுநோய். வேறெங்கும் பரவவில்லை, அறுத்து எடுத்துவிடலாம் என்றார்கள். இன்னொரு சீசன் தள்ளியிருந்தால் பேச்சே வேறாக இருந்திருக்கும் என்றும் சொன்னார்கள். எடுத்தார்கள். நாலைந்து மாதம், மலம் இறங்க வயிற்றில் பையைக் கட்டிக்கொண்டு வீட்டில் கிடந்தார். நாலு மாதம் மறைத்ததை அக்கா சொல்லிச் சொல்லிக் காட்டினாள்.

அடுத்த ஆடியில் பிரஸ்ஸுக்குத் திரும்பியவருக்கு வெட்கம் அடியோடு போயிருந்தது. டீ நேரத்தில் ஒவ்வொருவரையும் பிடித்து, வெளிக்கு ஒழுங்காப் போகுதா, ரத்தம் உண்டா என்று விசாரித்தார். வடை தின்றுகொண்டிருந்தவர்கள் எழுந்து போனார்கள். நல்லசிவம் மட்டும் போகாமல் நின்று, தனக்கும் ரெண்டு வருசமாக இருப்பதாகக் காதோடு சொன்னார். மணிமுத்து அவரைக் கையோடு இழுத்துக்கொண்டு போய் அதே டாக்டரிடம் உட்கார வைத்தார்.

விரல் விட்டும், சின்னக் குழாய் விட்டும் பார்த்துவிட்டு, மூலந்தான், பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். வெளியே வந்ததும் நல்லசிவத்துக்கு ஏகப்பட்ட வருத்தம்.

"நான் சொன்னதயேதான அவுகளும் சொல்லுதாக. இதுக்கு எதுக்குலே டாக்டரு?"

"நீ சொன்னே. அவுக பாத்தாக" என்றார் மணிமுத்து.