கோயில் மாலை வராத கல்யாணம்

என் கல்யாணத்தன்று எல்லாம் வந்து சேர்ந்தன. சமையல்காரர்கள் வந்தார்கள், மேளக்காரர்கள் வந்தார்கள், அழைக்காதவர்கள்கூட வந்தார்கள். கோயில் மாலை மட்டும் வரவில்லை.

எங்கள் நகரத்தார் வழக்கத்தில் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் அவரவர் குலக்கோயிலிலிருந்து மாலை வர வேண்டும். இவன் எங்கள் பங்காளி, கோயில் கணக்கில் சேர்ந்த ஒரு புள்ளி என்பதற்கு அதுதான் அத்தாட்சி. மாலை வராவிட்டால் தாலி ஏறினாலும் செல்லாது.

என்னை அழைத்துப் போகத் தேவகோட்டையிலிருந்து பெண் வீட்டார் வந்து முகப்பில் உட்கார்ந்திருந்தார்கள். கோயிலுக்குப் போன ஆள் வெறுங்கையோடு திரும்பினான். அப்பச்சியின், அதாவது என் தகப்பனாரின், அண்ணன் எழுந்தார். ரங்கூன் கடையில் அப்பச்சியோடு பல வருஷம் இருந்தவர்.

"நான் சொல்லித்தான் மாலைய நிறுத்துனாக. இவன் ரங்கூன்ல பொறந்தவன். பர்மாக்காரி மகன். நம்ம கோயில்ல இவனுக்கு ஏது புள்ளி?"

நான் சிரித்துவிட்டேன். பெரியப்பச்சிக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். வலையபட்டியில், ஆத்தாவின் பிறந்த வீட்டில், ஐப்பசி அடைமழையில் பிறந்தவன் நான். அந்த மழையைப் பற்றி ஆத்தா எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள்! அப்பச்சியைப் பார்த்தேன். அவர் மறுக்கவில்லை.

பிறகுதான் எல்லாம் தெரிந்தது. பெற்றவள் பிரசவத்தில் போய்விட, அப்பச்சி என்னைக் கப்பலில் கொண்டுவந்திருக்கிறார். பிள்ளையில்லாத ஆத்தா சில மாதம் வலையபட்டியில் போய் இருந்து, தான் பெற்றவனாக என்னைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். விஷயம் தெரிந்த அண்ணன் வாய் திறக்க மாட்டார் என்று நம்பியே அப்பச்சி கோயிலில் மாலை கேட்டிருக்கிறார். சொத்துள்ள வீட்டில், பங்காளியை நம்பி! இப்படியும் ஒரு மனுஷர்.

பெண்ணின் தகப்பனார், "ஒரு வார்த்தை முன்னாடி சொல்லியிருக்கலாமேய்யா நீக" என்றார். அதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. இலை போடுமுன் எழுந்து போனார்கள். அந்தப் பெண்ணை நான் பார்த்ததே இல்லை, அதனால் அவளுக்காக அழ வரவில்லை. எனக்காக அழுதேன்.

தை பிறந்ததும் வீட்டில் பிள்ளை கூட்டினார்கள். சுவீகாரத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். யார் பிள்ளை என்று கேட்க வேண்டுமா? பெரியப்பச்சியின் கடைசி மகன்தான். சபை நடுவே அவன் மஞ்சள் நீர் குடித்ததும் வீடு, ரங்கூன் கடை, அப்பச்சிக்குக் கொள்ளி வைக்கும் உரிமை எல்லாம் அவனுக்குப் போயின. என்னை யாரும் வெளியே போகச் சொல்லவில்லை. மாடியில் படுத்துக்கொள்ளலாம், வேளைக்குச் சாப்பிடலாம். அந்தத் தயவைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் அவன் "ஆத்தா" என்று கூப்பிட்டான். "என்னப்பா" என்றாள் அவள். அடுப்படிக்குப் போய், "இனிமே நான் என்னன்னு கூப்பிடுறது?" என்று கேட்டேன்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆச்சின்னே கூப்பிடுப்பா. ஊர்ல எல்லாரும் அப்பிடித்தான கூப்பிடுறாக."