அக்கா தெருவின் மண்

அவளை அலுவலகத்தில் எல்லோரும் ‘பூகம்பம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கோபக்காரி என்பதால் அல்ல. ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவள். இருபது வருடமாகக் கணினிக்குள் பூகம்பத்தை வரவழைப்பதுதான் அவள் பிழைப்பு. பூமிக்கடியில் பாறை எங்கே விரிசல் விடும், எவ்வளவு வேகமாகக் கிழிந்துகொண்டு போகும், எந்தத் தெரு எவ்வளவு ஆடும் என்று கணக்குப் போட்டுப் படமாக்குவாள். சிவப்பு என்றால் ஆபத்து, பச்சை என்றால் பயமில்லை.

அந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. இளகிய மண்தான் அதிகம் ஆடும்; ஆனால் மண் சொதசொதவென்று இருந்தால் கணினி திணறும், நாள் கணக்கில் இழுக்கும். அதனால் ரொம்ப இளகிய மண்ணையும் கொஞ்சம் கெட்டி மண் என்றே எழுதிவிடுவார்கள். அவளும் அப்படித்தான் எழுதினாள். அப்படி எழுதியிருப்பதாக அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பும் போட்டாள். பொடி எழுத்தை எந்த மகராசன் படிக்கிறான்?

அக்கா ஒருநாள் ஃபோனில் கேட்டாள். “ஏண்டி, உன் படத்துல எங்க தெரு என்ன கலர்? வேற வீடு பாக்கலாம்னு உங்க அத்தான் நச்சரிக்கிறாரு.”

“பச்சைதான்கா. பேசாம இரு.”

“அப்பாடா! இப்பதான் ஜன்னலுக்கெல்லாம் புதுத் திரை தச்சேன்.”

அந்தத் தெரு, தூர்த்த ஏரியின் மேல் எழும்பியது. சின்ன வயதில் அக்காவும் தங்கையும் கல்லெறிந்து விளையாடிய ஏரிதான். பாழாய்ப்போனவள், படத்தைப் பார்த்துச் சொன்னாளே தவிர ஏரியை நினைக்கவில்லை.

எட்டு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் பூகம்பம் நிஜமாகவே வந்தது. ஊரில் மற்ற இடங்களில் சுவர் கீறியதோடு சரி. அக்கா தெருவில் ஏழு கட்டடங்கள் அப்படியே உட்கார்ந்துவிட்டன. அத்தான் வேலைக்குப் போயிருந்தார். அக்கா வீட்டில் இருந்தாள்.

அக்காவின் காரியமெல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பியதும் அவள் அந்தக் கணக்கை மறுபடி போட்டாள். இந்த முறை மண்ணை உள்ளபடியே எழுதினாள். அக்கா தெரு ரத்தச் சிவப்பாக வந்தது. வாய்விட்டு அழுதாள். பக்கத்து மேசைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து வைத்து, “குறிப்பு போட்டிருக்கீங்கல்ல, உங்க மேல தப்பில்லம்மா” என்றார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் வெளியே யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அத்தானோ, “நான்தான் வம்படியா வீடு மாத்தியிருக்கணும்” என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் புலம்பித் தன்னையே தின்றுகொண்டிருந்தார். அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க அவளால் முடியவில்லை. அவளுக்கென்று மிச்சமிருந்த ஒரே சொந்தம் அவர்தான். இருந்தாலும் இரண்டு படங்களையும் எடுத்துக்கொண்டு போய், ஒன்று விடாமல் சொன்னாள்.

“தப்பு உங்களுது இல்ல அத்தான். நான் பச்சைன்னு சொன்னதாலதான் அக்கா அங்கயே இருந்துட்டா.”

அவர் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

“இந்தச் சிவப்புப் படம் போட எத்தனை நாளாச்சு?”

“பதினோரு நாள்.”

“பச்சைக்கு?”

“ரெண்டு.”

“ஒம்போது நாள்” என்றார் அவர். சிவப்பைத் தான் வைத்துக்கொண்டு, பச்சையை மடித்து அவள் கையில் கொடுத்தார்.

“இனிமே இங்க வராதம்மா” என்றார், கோபமே இல்லாமல்.