பிரபல ஜவுளிக்கடையில் ஒரு விபத்து

சரக்... சரக்...

உள்ளறையிலிருந்து கத்திரிக்கோல் சத்தம் வந்துகொண்டே இருந்தது. ஹாலில் இட்லித் தட்டோடு உட்கார்ந்திருந்த வெங்கடேஷுக்கு அந்தச் சத்தம் இனித்தது. பேப்பர்தானே இந்தக் குடும்பத்துக்குச் சோறு போடுகிறது!

"என்ன வெட்டறே, தங்கம்?" என்று குரல் கொடுத்தார்.

"புராஜெக்ட்ப்பா. ஒரே செய்தியை நாலு பேப்பர்ல எப்படிப் போட்டிருக்காங்கன்னு சாருலதா மிஸ் பார்க்கச் சொன்னாங்க. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல, அதை யார் சொன்னதுன்னு சிவப்பு இங்க்ல எழுதணும். போலீஸா, பக்கத்துல நின்னு பார்த்தவங்களா, இல்லை யாருமே சொல்லாததா..."

"யாருமே சொல்லாததை எவன் போடுவான்?"

"உங்க பேப்பர்ல போட்டிருக்கேப்பா!"

வெங்கடேஷ் பிட்ட இட்லியைத் தட்டிலேயே வைத்தார்.

வெங்கடேஷ் நிருபர் இல்லை. விளம்பரப் பிரிவு. இருபத்திரண்டு வயதில் அந்த நாளிதழில் சேர்ந்து, உஸ்மான் ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கியவர். ஆனால் ஸ்கூட்டரில் 'பிரஸ்' என்று ஒட்டியிருந்ததால் ராயப்பேட்டையில் காய்கறிக்காரர் முதல் வாட்ச்மேன் வரை அவரை 'பிரஸ் சார்' என்றுதான் கூப்பிட்டார்கள். ஒன்பதாவது படிக்கும் பூஜாவுக்கோ அப்பாதான் அந்தப் பேப்பர்! அவரும் யாரையும் திருத்தவில்லை. அந்தப் பெருமை யாருக்குத்தான் கசக்கும்?

பூஜா சார்ட்டைத் தூக்கிக்கொண்டு வந்து தரையில் விரித்தாள். போன வாரம் தி.நகரில், துணி மூட்டை ஏற்றும் லிஃப்ட் அறுந்து விழுந்து, புஷ்ரா என்ற சேல்ஸ் பெண்ணின் கால் நசுங்கிய செய்தி. மூன்று பேப்பர்களில் கடையின் பெயர் இருந்தது. லிஃப்ட் பல மாதமாகப் பழுது என்று ஊழியர்கள் சொன்னதும் இருந்தது. நாலாவதான அப்பாவின் பேப்பரில் மட்டும், 'பிரபல ஜவுளிக்கடையில் செல்போன் பார்த்தபடி லிஃப்டில் ஏறிய ஊழியர் தவறி விழுந்து காயம்.' அதன் பக்கத்தில் சிவப்பு மைக்கு விட்ட இடம் வெறுமையாகக் கிடந்தது.

வெங்கடேஷின் காதில் அய்யாதுரை அண்ணாச்சியின் குரல் கேட்டது. விபத்து நடந்த அன்று மாலையே அந்தக் கடை முதலாளி போன் செய்துவிட்டார்.

"தம்பி வெங்கடேசு, தீவாளி நேரம். கடைப் பேரு வராமப் பாத்துக்கிடும். அந்தப் பிள்ளை போனைப் பாத்துக்கிட்டே ஏறிட்டாளாம்னு மேனேஜர் சொல்லுதான். அப்படியே போடச் சொல்லும். தீவாளி முழுப்பக்கம் உமக்குத்தான்."

வேலைக்கு வந்த புதிதில் எல்லாக் கடைக்காரர்களும் விரட்டியபோது, நிழலில் உட்கார வைத்து மோர் கொடுத்து முதல் விளம்பரம் தந்தவர் அண்ணாச்சி. அவரிடம் எப்படி மறுப்பது? செய்திப் பிரிவுக்குப் போன் போட்டு அந்த வரியைச் சொன்னது வெங்கடேஷின் வாய்தான்.

"நானும் என் கிளாஸ் ஷண்முகப்ரியாவும் பெரியாஸ்பத்திரிக்கே போய் அந்த அக்காவைப் பார்த்தோம்ப்பா. எங்கப்பா பேப்பர்லதான் இருக்காரு, சரி பண்ணுவாருன்னு சொல்லி, நம்ம அட்ரஸ்கூடக் குடுத்துட்டு வந்தேன்."

"யாரைக் கேட்டுக் குடுத்தே?" குரல் உயர்ந்துவிட்டது.

பூஜா மிரண்டாள். "ஏம்ப்பா கோபப்படறீங்க? கடைக்காரங்க சொன்னதா இருந்தா, 'கடை நிர்வாகம் தெரிவித்தது'ன்னு போடலாம்ல?"

"எப்படிம்மா போடறது? கடைப் பேரே வர வேண்டாம்னுதானே கேட்டாங்க!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"யாரைப்பா கேட்டாங்க?"

அழைப்பு மணி அடித்தது. தப்பித்தோம் என்று எழுந்து போய்க் கதவைத் திறந்தார். அந்தோ, வாசலில் நின்றது யார்! கையில் பிளாஸ்க், கறுப்பு பர்தா, அழுது வீங்கிய கண்கள்.

"பூஜா பாப்பா வூடு இதானே? நான் ஷம்ஷாத். புஷ்ராவோட அம்மா."

உள்ளே வந்தவள் நாற்காலியில் உட்கார மாட்டேன் என்றுவிட்டாள்.

"பிரஸ் சார், கடையில போய் நின்னா உங்க பேப்பரைத்தான் மூஞ்சிக்கு நேரா நீட்றாங்க. 'உம் பொண்ணு செல்லு நோண்டிக்கினு ஏறினா நாங்க இன்னா பண்றது'ன்றாங்க. அவ கையில செல்லு ஏது சார்? காலைல உள்ள போவும்போதே வாசல்ல பெட்டில போட்டுடணும். வேலை முடிஞ்சாத்தான் திருப்பிக் குடுப்பான்."

வெங்கடேஷுக்கு அந்தப் பெட்டியைத் தெரியும்! விளம்பரத்துக்குப் போகும்போதெல்லாம் அதன் பக்கத்து ஸ்டூலில்தான் காத்திருப்பார். உள்ளே செல்போன்கள் ஒன்று மாற்றி ஒன்று அடித்து ஓயும். அவற்றில் எத்தனை அழைப்பு இந்தத் தாயுடையதோ! செய்திப் பிரிவுக்கு அந்த வரியைச் சொன்னபோது அந்தப் பெட்டி அவர் நினைவுக்கு வந்தது. வந்தும் சொன்னார்.

"அப்பா, மறுப்பு போடலாம்ல?" என்றாள் பூஜா. அவர் முகத்தை விட்டு அவள் கண் நகரவில்லை.

"ஆபீஸ்ல... பேசிப் பார்க்கறேன்மா."

அந்த அரைகுறைச் சொல்லுக்கே ஷம்ஷாத் கை கூப்பினாள். பிறகு தரையில் கிடந்த சார்ட்டைக் குனிந்து பார்த்தாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாது பாப்பா. நீ கண்டுபுடிச்சியா? இதை எவன் சொன்னது? அவனைத் திட்ட மாட்டேன். வூட்டாண்ட போய், ஒரு தபா வந்து எம் பொண்ணு காலைப் பாத்துட்டுப் போயான்னு கூப்புடுவேன். அவ்ளோதான்."

பூஜா அப்பாவைப் பார்த்தாள். 'நான்தான்' என்று சொல்ல வெங்கடேஷ் வாயெடுத்தார். மகளின் கண்ணில் நீர் திரண்டதைப் பார்த்தார். அவளுக்குத் தெரிந்துவிட்டது! இனி அவர் வாய் திறக்கவே தேவையில்லை. அவள் சொல்லிவிடுவாள். சொல்லட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டார்.

"தெரியலைம்மா" என்றாள் பூஜா. "யார் சொன்னாங்கன்னு கண்டுபிடிக்க முடியலை."

கன்னத்தில் அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். ஒவ்வொரு வரியையும் யார் சொன்னது, ஏன் சொன்னது என்று கேட்கப் பழகிய பெண், அப்பாவுக்காகப் பொய் சொல்லிவிட்டாளே!

"போவட்டும் பாப்பா. நீ நல்லாப் படி." ஷம்ஷாத் அவள் கன்னத்தைத் தடவிவிட்டுச் செருப்பை மாட்டினாள். "வரேன் சார். உங்களைத்தான் நம்பியிருக்கேன்."

வெங்கடேஷ் இரண்டடி எடுத்து வைத்தார். கூப்பிட நினைத்தார். அவள் கைப்பிடியைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக இறங்கினாள்.

காலடிச் சத்தம் தேய்ந்ததும் பூஜா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அப்பா பக்கம் திரும்பாமல், சாத்திய கதவைப் பார்த்தபடியே நின்றாள்.